ஜாக்கி விற்கப் படுத்தவள்

ஈப்போவில் வாகனப் பட்டறைகளுக்குச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். முதலில் கடைக்குள்ளே கல்லாவில்தான் இருந்தேன். வெளியூர் போய் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு வேன் சாவியைக் கையில் கொடுத்தார். அவர் என்னைவிட இளையவர். அப்பா தொடங்கிய கடையை எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். என்னை எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஆம்பள போனா வாசல்லயே பேசி அனுப்பிருவானுங்கக்கா. பொம்பள போனா உள்ள கூப்பிட்டு ஒரு டீயாவது குடுப்பானுங்க. அந்த நேரம் போதும்லா நமக்கு."

அவர் சொன்னது தப்பில்லை. டீ கொடுத்தார்கள். டீயோடு வேறு பலவற்றையும் கொடுத்தார்கள்.

நான் விற்றதில் முக்கியமானது தரை ஜாக்கி. வீட்டுக் காரின் டிக்கியில் கிடக்கும் சின்ன ஜாக்கி இல்லை. பட்டறைக்கென்று செய்தது, இரும்புச் சக்கரம் வைத்தது, தரையோடு தாழ்ந்து நீளமாகக் கிடப்பது. மலாய்க்காரர்கள் அதை ஜெக் புவாயா, முதலை ஜாக்கி என்பார்கள். பெரியது பத்து டன் தூக்கும். கைப்பிடி என் நெஞ்சு உயரத்துக்கு வரும். அதை மேலும் கீழும் அடித்தால் உள்ளே எண்ணெய் ஏறி லோரியைத் தூக்கும். இடது பக்கம் திருகினால் எண்ணெய் திரும்பி வண்டி இறங்கும். எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவு வேகமாக இறங்கும். சுண்டு விரல் அசைவு போதும்.

இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே எனக்குச் சொல்லித் தந்த விஷயம் ஒன்று உண்டு. ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான். தூக்கிய வண்டியைத் தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. போகும் இடமெல்லாம் இதைச் சொல்லித்தான் ஜாக்கியோடு ஸ்டாண்டையும் சேர்த்து விற்கப் பார்ப்பேன்.

தெலுக் இந்தானில், பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறை இருந்தது. அதன் முதலாளி ஐம்பது வயதுக்காரர், நம்மவர்தான். அவரிடம் தலைமை மெக்கானிக்காக இருந்தவருக்கு முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். நல்ல உயரம், கழுத்தில் ருத்திராட்சம், எதற்கும் சிரிக்கும் முகம். நான் போனபோது ஒரு லோரியின் பின்சக்கரங்களைக் கழற்றி வைத்திருந்தார்கள். என் ஜாக்கியை வேனிலிருந்து பலகையைச் சாய்த்து உருட்டி நானே இறக்கினேன். நான்கைந்து ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நான் இறக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு யாரும் வரவில்லை. ஏதோ பந்தயம் நடப்பதுபோல் இருந்தது.

லோரியைத் தூக்கிக் காட்டினேன். பட்டறைக்காரருக்குப் பிடித்துப் போயிற்று என்று முகத்திலேயே தெரிந்தது. ஸ்டாண்டை எடுத்து வைக்கப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"ஸ்டாண்ட் எதுக்கு தங்கச்சி? ஜாக்கி நல்ல ஜாக்கின்னுதானே சொல்றே?"

"நல்ல ஜாக்கிதான் அண்ணே. இருந்தாலும் உள்ள சீல் எப்ப போவும்னு யாருக்கும் தெரியாது. ஸ்டாண்ட் இல்லாம ஆள் கீழ போகக்கூடாது."

"அப்ப உனக்கே உன் சாமான் மேல நம்பிக்கை இல்ல. அப்புறம் நான் எப்படி வாங்குறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நீ படுத்துக் காட்டு. நீ கீழ படுத்தா நான் மூணு வாங்கிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து லோரிக்கு அடியில் போடச் சொன்ன பிறகுதான் புரிந்தது. வெளியே போய் என் முதலாளிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"படுத்துக் காட்டிருங்கக்கா. புது ஜாக்கிதானே. என்ன கொறஞ்சு போயிடப் போவுது?"

"பாஸ், நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, ஸ்டாண்ட் இல்லாம..."

"அது அவங்களுக்குச் சொல்றது, அக்கா. ஒரு நிமிஷம்லா. படுத்துட்டு எந்திரிங்க."

திரும்பி வந்து படுத்தேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையை முதலில் உள்ளே விட்டு, முதுகால் தேய்த்து நகர்ந்தேன். பழைய எண்ணெயும் அழுகிய செம்பனைக் குலையும் கலந்த வாடை. என் நெஞ்சுக்கு நேர் மேலே அச்சும், பக்கத்தில் சக்கரம் கழற்றிய பிரேக் டிரம்மும் தொங்கின. ஆண்களின் காலணிகள் மட்டும்தான் தெரிந்தன. ஒருவன் கைப்பேசியில் படம் எடுக்கக் குனிந்தான்.

"பாருங்க அண்ணே, இறங்கல" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

அப்போது அச்சு இறங்கியது.

அதிகம் இல்லை. ஒரு கை அகலம் இருக்கும். ஆனால் சட்டென்று இறங்கி சட்டென்று நின்றது. நான் கத்தவில்லை, கத்த மூச்சு இல்லை. இரண்டு கையையும் தூக்கி அந்த அச்சைத் தாங்கிப் பிடித்தேன், என்னவோ நான் தாங்கினால் நிற்கும் என்பதுபோல். பட்டறையே இடிந்து விழும்படி சிரித்தார்கள். தலைமை மெக்கானிக்தான் கைப்பிடியைத் திருகியவர். குனிந்து என்னைப் பார்த்தார், கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்துக்கொண்டே.

"பயந்துட்டீங்களாக்கா? சும்மாலா, சும்மா."

வெளியே வந்தபோது என் சுடிதாரின் பின்பக்கம் ஈரமாக இருந்தது. எண்ணெய் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நான் துப்பட்டாவை அவிழ்த்துப் பின்னால் தொங்க விட்டேன். ஆர்டர் எழுதினேன். மூன்று ஜாக்கி. ஸ்டாண்ட் ஒன்றுகூட வேண்டாம் என்றார் பட்டறைக்காரர். அதுதான் தேவையில்லை என்று நானே காட்டிவிட்டேனாம்.

படம் எடுத்தவன் நான் ஸ்டாண்டைப் பற்றிப் பேசியதை எடுக்கவில்லை. அச்சு இறங்கியதையும் வெட்டிவிட்டிருந்தான். நான் தரையில் படுத்துக்கொண்டு, "பாருங்க அண்ணே, இறங்கல" என்று சொல்வது மட்டும்தான் இருந்தது. அது லோரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, நான் வீடு வந்து சேர்வதற்குள் எங்கள் செமோர் வரை வந்துவிட்டது.

என் கணவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். செமோருக்குப் பக்கத்தில், முன்பு ரப்பர் மரங்கள் நின்ற கித்தாக் காடாக இருந்து இப்போது வீடுகள் வரிசை கட்டிய தாமானாகிவிட்ட இடத்தின் கடைசி வரிசையில் எங்கள் வீடு. அன்று மாலை அவர் பசியாறாமல் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"என்னத்தச் சொல்றது? வேலைலா அது."

"பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கேக்கிறான், உன் பொண்டாட்டி என்ன படுத்து விக்கிறாளான்னு."

நான் எழுந்து சோறு போடப் போனேன். அடுத்த வாரம் அவருடைய தங்கை வீட்டுச் சடங்கில், சமையல் கூடாரத்துக்குப் பின்னால், என் நாத்தனாரே அதே வார்த்தையை இன்னொருத்தியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணி, வெத்தல மடிச்சுக் குடுங்க" என்றாள். உட்கார்ந்து மடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் கணவர் கூடத்தில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தார். முதுகுவலி என்று மகளிடம் சொன்னார்.

முதலாளிக்கு அந்தப் படம் திருவிழா. அதைக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். பட்டறைக்காரர்கள் போன் போட்டு, வீடியோவில் வந்த அக்காவை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். போன இடமெல்லாம் அட்டையை விரித்துக் காத்திருந்தார்கள். நான் ஒரு கனமான மரக்கட்டையை வேனில் வைத்துக்கொண்டு, படுக்கும்போது அச்சுக்கு அடியில் நெஞ்சோடு சேர்த்து அதை நிறுத்திக்கொள்வேன். ஒருநாள் முதலாளி என்னோடு வந்தார். கட்டையைப் பார்த்துவிட்டுக் காலால் தள்ளினார்.

"இது தெரிஞ்சா யாரு நம்புவாங்கக்கா?"

"எனக்குப் பயமா இருக்கு பாஸ்."

"பயம் இருக்கட்டும். முகத்துல தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

அப்படியே செய்யக் கற்றுக்கொண்டேன். படுக்கும்போது மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட வேண்டும். நெஞ்சு கொஞ்சம் தாழும். அதனால் என்ன லாபம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஆனாலும் செய்தேன்.

ஏன் வேலையை விடவில்லை என்று மகள் இப்போது கேட்கிறாள். விட்டால் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் அந்த வார்த்தை இருந்தது. வேனுக்குள் நான் மட்டும்தான் இருந்தேன்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், மதியம், ஒரு டயர் கடைக்காரர் போனில் சொன்னார். தெலுக் இந்தான் பட்டறையில் ஜாக்கி இறங்கிவிட்டதாம். லோரிக்கு அடியில் இருந்தது தலைமை மெக்கானிக். ஸ்டாண்ட் வைக்கவில்லை. இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டார். உயிர் இருக்கிறது.

போனை வைத்ததும் என் மனதில் முதலில் வந்தது, நல்லா வேணும் என்பதுதான். வந்தது வந்ததுதான். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, வாயை விட்டுச் சொல்லியும் பார்த்தேன். நன்றாக இருந்தது.

மறுநாள் முதலாளி ஒரு பை ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "அப்படியே வொர்க்‌ஷாப்புக்கும் போய் அந்த ஜாக்கியத் தூக்கிட்டு வந்துருங்கக்கா. விசாரிக்க ஆபீசர் வர்றதுக்குள்ள" என்றார். நான் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போனேன்.

இடது காலைத் தொடையோடு எடுத்துவிட்டிருந்தார்கள். போர்வை அந்தப் பக்கம் தட்டையாகக் கிடந்தது. மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒல்லியான பெண், ஏதோ தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். என்னைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்கதானே அந்த வீடியோ அக்கா?"

"ஆமா."

"ஜாக்கில எண்ணெய் ஒழுகுதுன்னு இவரு ரெண்டு வாரமா சொல்லிட்டு இருந்தாரு. ஸ்டாண்ட் வாங்குங்க அண்ணேன்னு கேட்டாரு. பட்டறை மொதலாளி உங்க வீடியோவப் போட்டுக் காட்டுனாராம். ஒரு பொம்பள படுக்கிறா, நீ மீசைய வச்சிக்கிட்டுப் பயப்படுறியேன்னு. எல்லாரும் சிரிச்சாங்களாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்தேன். அவள் அதை எடுத்து, பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவரின் மேசையில் வைத்தாள்.

கண்ணை மூடிக் கிடந்தவர் திறந்து பார்த்தார். மருந்து மயக்கத்தில் நாக்கு குழறியது.

"சிரிக்க வந்தீங்களாக்கா?"

"இல்ல தம்பி" என்றேன். நேற்றே சிரித்தாகிவிட்டது என்பதைச் சொல்லவில்லை.

தொழில் பாதுகாப்புத் துறையிலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண். மரியாதையாகப் பேசினார். பட்டறைக்காரர், விற்க வந்த பெண்தான் ஸ்டாண்ட் தேவையில்லை என்று படுத்துக் காட்டினாள், அதை நம்பித்தான் வாங்கவில்லை என்று சொல்லியிருந்தார். வீடியோவையும் காட்டியிருந்தார். என் முதலாளி, அந்த அக்கா ஆர்டர் பிடிக்கும் ஆசையில் தானாகவே செய்தது, கம்பெனி அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை என்று சொன்னார். அதைச் சொல்லும்போது நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

நடந்ததை நான் அப்படியே சொன்னேன். ஸ்டாண்டை எடுத்து வைக்கப் போனது, பட்டறைக்காரர் தடுத்தது, முதலாளிக்குப் போன் செய்தது எல்லாவற்றையும். அதிகாரி கேட்டார், அதற்குச் சாட்சி யாராவது உண்டா என்று. ஒருவர் உண்டு என்றேன். கைப்பிடியைத் திருகிய ஆள். நான் ஸ்டாண்டைப் பற்றிப் பேசியபோது ஒரு முழம் தள்ளி நின்றவர்.

அதிகாரி அவரிடம் போய்க் கேட்டார். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. காலில்லாவிட்டாலும் சாமான் கவுண்டரில் உட்கார வைத்து வேலை தருகிறேன் என்று பட்டறைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அவரை எதிர்த்துப் பேசினால் அது போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். எனக்கு அது புரியாமல் இல்லை. என்னைக் காட்டிக் கொடுப்பதால் அவருக்கு எதுவும் குறையவில்லை, அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் அபராதம் கட்டிவிட்டுத் தொழிலைத் தொடர்ந்தார். என் முதலாளி வீடியோவை எடுத்துவிட்டு, எனக்கு வேலை போய்விட்டது என்பதையும் அக்கா என்று கூப்பிட்டே சொன்னார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா." வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் தலையாட்டினார். "படுத்தும் பிரயோஜனம் இல்ல" என்றார். மகள் சோற்றுத் தட்டோடு எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

இப்போது ஈப்போவில் ஒரு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், சமையல்கட்டில் இருக்கிறேன். வெங்காயம் உரிப்பது, மீன் கழுவுவது, பெரிய சட்டிகளைத் தேய்ப்பது. கடைக்காரர் அதிகம் பேசாத மனிதர். அங்கே யாரும் என்னைக் கேலி செய்வதில்லை, பொருட்படுத்துவதும் இல்லை. எனக்கு அது போதும்.

அங்கு சேர்ந்து ஒரு வருடம் போல ஆகியிருக்கும். மதியக் கூட்டம் முடிந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, நான்தான். தெலுக் இந்தான்."

குரல் தெரிந்தது. சிரிப்பு மட்டும் இல்லை.

கவுண்டரில் உட்கார வைத்தவர் சில மாதத்திலேயே, சாமான் எடுக்க ஏணி ஏற முடியாத ஆளை வைத்து என்ன செய்வது என்று அனுப்பிவிட்டாராம். இப்போது இவர்கள் அவர்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். இவர் அதிகாரியிடம் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டதால், பட்டறைக்காரர் ஸ்டாண்ட் வேண்டாம் என்று சொன்னதை நேரில் கேட்ட வேறு ஆள் வந்து சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்று வக்கீல் சொல்கிறாராம்.

"நீங்க அன்னிக்கு ஸ்டாண்ட் வைக்கணும்னு சொன்னீங்கல்ல அக்கா. அவருதான் வேணாம்னு சொன்னாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நான் குழாயை மூடினேன். கையில் சவர்க்கார நுரை. சமையல்கட்டில் வேறு யாரும் இல்லை.

"எனக்கு மறந்து போச்சு தம்பி" என்றேன்.

அவருக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டது, என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க என்று. போனை அவள் வாங்கினாள்.

"அக்கா, கால் போனது போச்சு. சோத்துக்காவது வழி வேணும்லா."

வைத்துவிட்டேன். மிச்சச் சட்டிகளைத் தேய்த்தேன்.

இரண்டு மூன்று முறை மறுபடியும் அழைத்தார்கள். நான் எடுக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அவர்களே கடைக்கு வந்துவிட்டார்கள். யாரிடம் விசாரித்தார்களோ. சமையல்கட்டுக்கும் கடைக்கும் நடுவில் தட்டு வாங்குகிற ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியே பார்த்தேன். அவர் இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே வழி தேடி வந்தார். கால்சட்டையின் ஒரு பக்கத்தை மடித்து ஊக்குப் போட்டிருந்தது. உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. ருத்திராட்சம் மட்டும் அப்படியே இருந்தது.

மனைவி பரிமாறுகிற பையனிடம் என்னைக் கேட்டாள். அவன் ஜன்னலுக்கு வந்தான்.

"அக்கா, உங்களத் தேடி வந்திருக்காங்க."

"நான் இல்லன்னு சொல்லு."

"இங்கதானே இருக்கீங்க."

"இல்லன்னு சொல்லு போ."

அவன் போய்ச் சொன்னான். அவள் நம்பவில்லை. ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்பதால் சோறு சொன்னார்கள். நான் கழுவிய மீன்தான் அவர்கள் மேசைக்குப் போனது. அவள் தொடவில்லை. அவர் குனிந்து சாப்பிட்டார். கோழிக்குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசிவரை ஒருமுறைகூட ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு பையன் தட்டுகளைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். ஒரு தட்டில் சோறு அப்படியே இருந்தது. மற்றதில் ஒரு பருக்கைகூட இல்லை. மீன் முள்ளைக்கூடச் சப்பி ஓரமாக வைத்திருந்தார். என்னிடம் கெஞ்ச வந்த ஆளுக்கு இப்படிச் சாப்பிட எப்படி முடிந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தட்டைத் தொட்டியில் போட்டேன்.

வழக்கு கோர்ட்டுக்கு வெளியிலேயே பேசி முடிந்துவிட்டது என்று ஒரு லோரி ஓட்டுநர் சொன்னார். கொடுத்ததை வாங்கிக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.